பரீட்சைக்கு மட்டும் ஒரு பாடம்: கிறிஸ்தவப் பள்ளியில் படைப்பும் பரிணாமமும்

2023 நவம்பர் 4, பாறசாலையிலிருந்து ஒரு தாயின் கேள்வி

என் மகள் களியக்காவிளை தாண்டி ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். போன வாரம் அறிவியலில் 19-ஆவது பாடம், உயிரின் தோற்றமும் பரிணாமமும். டீச்சர் ஒரே பீரியடில் முடித்துவிட்டு, "இதைப் பரீட்சைக்கு எழுதினால் போதும், யாரும் நம்ப வேண்டாம்" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து மகள் கேட்கிறாள்: "அம்மா, நம்பாததை உண்மை மாதிரி எழுதினால் அது பொய்தானே?" எனக்குப் பதில் வரவில்லை. என் அக்கா மகன் இங்கே கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கிறான். அவனுக்கும் பத்தாம் வகுப்பு உயிரியலில் கடைசிப் பாடம் இதுதான். நாங்கள் ஜெபக் குடும்பம். கிறிஸ்தவப் பள்ளி என்றால் தேவன் படைத்தார் என்றுதானே சொல்லிக்கொடுக்க வேண்டும்? அதையும் சொல்லவில்லை, பாடத்தையும் ஒழுங்காக நடத்தவில்லை. இது என்ன படிப்பு?

நவம்பர் 5, ஞாயிறு இரவு

சகோதரி, அந்த டீச்சர் சொன்ன அதே வாக்கியத்தை நான் பதினோரு வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நானும் இந்த எல்லைப்பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ உதவிபெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அதனால் அவர் மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், இந்தப் பாடம் நடத்திய மறுநாள், ஒரு பிள்ளையின் அப்பா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். ரப்பர் பால் வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார், கையில் பால் கறைகூடக் காயவில்லை. "எம் பிள்ளைய குரங்குக்குப் பொறந்ததுன்னு சொல்லிக் கொடுக்கியளா சாரே?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "பாடத்த நடத்தும், ஆனா பிள்ளேளுகிட்ட ஒரு வார்த்த சொல்லிரும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இது. பயத்தில் பிறந்த வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பெற்றோருக்கும் நிம்மதி, நிர்வாகத்துக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று என் முகம் சொல்லியிருக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்கமாக எழுதுகிறேன். கிறிஸ்தவப் பள்ளியின் அறிவியல் வகுப்பில் பரிணாமத்தை முழுசாக, மனசோடு, நாலைந்து பீரியட் எடுத்து நடத்த வேண்டும். சிருஷ்டிப்பை வேதபாட வகுப்பில் அதே மனசோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். "எழுது, நம்பாதே" என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லக்கூடாது.

நவம்பர் 6

குரங்கு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது.

குரங்கு மனிதனாக மாறியது என்று பாடப்புத்தகத்தில் இல்லை, டார்வினும் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கும் சிம்பன்சிக்கும் நமக்கும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பொது மூதாதை இருந்தது, அங்கிருந்து கிளைகள் பிரிந்தன என்பதுதான் பாடம். நானும் என் சித்தப்பா மகனும் ஒரே பாட்டாவுக்குப் பேரன்கள். அதனால் என் சித்தப்பா மகன் எனக்கு அப்பா ஆகிவிட மாட்டான். வகுப்பில் இப்படிச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

2018 ஜனவரியில் மத்திய அமைச்சராக இருந்த ஒருவரே, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, அதனால் டார்வின் தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். அவர் கிறிஸ்தவர் இல்லை. இந்தக் குழப்பம் நம் சபைகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நவம்பர் 6, கொஞ்சம் பிந்தி

சி.பி.எஸ்.இ. பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அங்கே பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள். 'மரபுவழியும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் இப்போது வெறும் 'மரபுவழி'. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்த ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவதோடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் வாழ்நாளில் இதை ஒருமுறைகூடக் கேட்காமல் போவார்கள். நம் மாநிலப் புத்தகத்திலும் கேரளப் புத்தகத்திலும் பாடம் இருக்கிறது. இருக்கும்போதே நாம் அதை நடத்தாமல் விடுவது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

நவம்பர் 9

"சபை பரிணாமத்தை ஏற்கவில்லையே, அப்புறம் சபைப் பள்ளி எப்படி நடத்தலாம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தச் சபை என்று கேட்கத்தான் தோன்றுகிறது. மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரை பஸ்ஸில் போனால் சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று வழிநெடுகக் கோயில்கள். வேதத்தின் முதல் புத்தகத்தின் பெயரே நமக்குள் ஒன்றில்லை. எங்களுக்கு ஆதியாகமம், கத்தோலிக்கருக்குத் தொடக்கநூல்.

கத்தோலிக்கத் திருச்சபை 1950-லேயே, போப் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், மனித உடல் பரிணாமத்தில் வந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. 1996-ல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் அனுமானம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். 2014-ல் பிரான்சிஸ், கடவுள் மந்திரக்கோல் வைத்திருக்கும் மந்திரவாதி அல்ல, பரிணாமமும் படைப்பும் முரண்படுவதில்லை என்றார். இங்கே பல கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கே இது தெரியாது. ஒரு சிஸ்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அப்புறம் தேடிப் படித்துவிட்டு அடுத்த வாரம் எனக்கு நன்றி சொன்னார்.

பூமிக்கு ஆறாயிரம் வயது என்ற கணக்கு வேதத்தில் எங்கும் எண்ணாக எழுதப்படவில்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 17-ஆம் நூற்றாண்டில் வம்ச அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்து, கி.மு. 4004 அக்டோபர் 23 என்று நாள் குறித்தார். பழைய ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டை அச்சிட்டார்கள், வாசித்தவர்கள் அதையும் வேதவாக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு ஆயிரத்து இருநூறு வருடம் முன்பே புனித அகஸ்டின், அந்த ஆறு நாட்களை நம் சாதாரண நாட்களாக எடுக்க முடியாது என்று எழுதிவிட்டார். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அதற்கு முந்தின மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது என்பது அன்றைக்கே கேட்கப்பட்ட கேள்வி.

நவம்பர் 10

நேற்று எழுதியதில் ஒரு தவறு. ஒரு அருட்தந்தை சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. 1950-ல் பன்னிரண்டாம் பயஸ் பரிணாமத்தை "ஏற்றுக்கொண்டார்" என்பது சரியல்ல. மனித உடலின் தோற்றம் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்து விவாதிப்பதைத் தடுக்கவில்லை, ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவ்வளவுதான் அவர் சொன்னது. வாசல் திறக்கப்பட்டதை உள்ளே போனதாக எழுதிவிட்டேன்.

நவம்பர் 18

கடற்கரை மணலை வைத்து நான் இந்தப் பாடம் நடத்திய கதையை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

பாடத்தை ஒழுங்காக நடத்துவது என்று முடிவெடுத்த வருடம், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் (ஊர்வனவுக்கும் பறவைக்கும் இடைப்பட்ட ஒரு புதைபடிவ உயிர்) படத்தை எங்கள் பிள்ளைகள் கோழிப் படம் மாதிரிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஜெர்மனியில் கிடைத்த பாறை அவர்களுக்கு யாரோ வீட்டுப் பாறை. அப்போது மணவாளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்த என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்கரையில் கறுப்பு மணல். சின்ன வயதிலிருந்து பார்த்த மணல்தான். அன்றைக்குத்தான் அது எனக்குப் பாடமாகத் தெரிந்தது. ஒரு தீப்பெட்டி நிறைய எடுத்துவந்தேன்.

வகுப்பில் வெள்ளைத் தாளில் கொட்டி, காந்தத்தைக் காட்டினேன். கறுப்பு எல்லாம் எழும்பி ஒட்டிக்கொண்டது, அது இல்மனைட். மிச்சத்தில் சிவப்பாகக் கார்னெட், கண்ணாடி போல் சிர்க்கான், அப்புறம் தேன் நிறத்தில் சில மணிகள். அந்தத் தேன்மணிதான் மோனசைட். அதற்குள் தோரியம் இருக்கிறது. இந்திய அருமணல் ஆலை அங்கே இருப்பதே இதற்காகத்தான் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், பாதிப் பேரின் உறவினர்கள் அந்தக் கடற்கரையில் இருக்கிறார்கள்.

தோரியம் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. இருப்பதில் பாதி ஈயமாக ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு ஆகும். மணிக்குள் எவ்வளவு தோரியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த மணி உருவாகி எவ்வளவு காலம் ஆனது என்று கணக்குப் போடலாம். நம் தென்கேரள, குமரிப் பாறைகளின் மோனசைட்டை அப்படி அளந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டு. அப்போது இந்த நிலம் இலங்கையோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிக்கிடந்தது, அங்கேயும் அதே காலத்துப் பாறைகள் இருக்கின்றன.

வகுப்பு அமைதியானது. இரண்டாம் பெஞ்சில் ஒரு பையன், போதகர் மகன், எழுந்து கேட்டான்: "சாரே, கடவுள் மண்ணைப் படைக்கும்போதே வயசான மண்ணா படைச்சிருக்கலாம்லா?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் புத்தகம் எழுதிக் கேட்ட கேள்வியை அவன் பதினைந்து வயதில் தானாகக் கேட்டான். நான் சொன்னேன்: "மக்களே, வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறதுன்னு சங்கீதம் 19 சொல்லுது. வானம் உண்மை பேசும்னா மண்ணும் உண்மைதான் பேசும். நடக்காத 55 கோடி வருஷத்தை ஒரு மணலுக்குள்ள எழுதி வைக்கிற கடவுளை உனக்குத் தெரியுமா?" அவன் யோசித்துவிட்டு, "இல்ல சாரே" என்று உட்கார்ந்தான். அன்றைக்கு எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 19

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலில் ஒரு கோளாறு இருக்கிறது.

அந்த வகுப்பில் 42 பிள்ளைகள். கிறிஸ்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். மற்றவர்கள் இந்துப் பிள்ளைகள், ஆறேழு முஸ்லிம் பிள்ளைகள். எங்கள் சம்பளம் அரசு தருகிறது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சம்மதமில்லாமல் யாரையும் மதபோதனைக்கு உட்கார வைக்கக்கூடாது என்கிறது. வேதபாட வகுப்பு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போவது அதனால்தான். நான் என்ன செய்தேன்? அறிவியல் பீரியடில் சங்கீதத்தை வைத்து ஒரு அறிவியல் கேள்வியை முடித்துவைத்தேன். என் முடிவு பரிணாமத்துக்குச் சாதகமாக இருந்ததால் அது தவறாகப் படவில்லை. அதே பீரியடில் ஒரு டீச்சர் சங்கீதம் 90 சொல்லிப் பாடத்தைத் தள்ளியிருந்தால் நான் சும்மா இருப்பேனா?

இன்றைக்கு அந்தப் பையன் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "வயசானதாவே படைச்சாரா என்பதை எந்த அளவையாலும் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாததை இந்த பீரியடில் நாம் எடுக்க மாட்டோம். கேள்வியை நோட்டில் எழுதி வை, வேதபாட வகுப்பில் நான் வந்து உன்னோடு உட்கார்ந்து பேசுகிறேன்." போய் உட்காரவும் வேண்டும். அனுப்பிவிட்டு மறந்துபோவதுதான் நம் வழக்கம்.

நவம்பர் 20

கார்பன் முறை நம்பகமில்லை என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் ஒரு பகுதி சரி. கார்பன்-14 பாதியாகச் சிதைய 5,730 ஆண்டுதான் ஆகும், அதனால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் அதை வைத்து அளக்க முடியாது. கோடி ஆண்டுப் பாறையைக் கார்பனால் அளந்ததாக யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் பாறையை அளப்பது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் வைத்துத்தான். நானே பல வருடம் வகுப்பில் எல்லாவற்றுக்கும் "கார்பன் டேட்டிங்" என்று சொல்லி வந்திருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 2

இரண்டு வாரம் எழுதவில்லை. அரையாண்டுக் கேள்வித்தாள் வேலை. அதோடு, எழுத வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்ப வேண்டாம் என்று சொன்னால்தான் என்ன கெட்டுப்போயிற்று, மார்க் வருகிறதே" என்று கேட்டவருக்கு இது.

என் பழைய மாணவன் ஒருவன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டியில் வருடம் தவறாமல் பரிசு வாங்குவான். நான் "எழுது, நம்பாதே" என்று சொன்ன காலத்துப் பிள்ளை. திருவனந்தபுரத்தில் நிலவியல் படிக்கப் போனான். மூன்றாம் வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கோயிலுக்கு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அவன் அம்மா சந்தையில் என்னைப் பார்த்து, "நீங்க படிச்சுக் கொடுத்த பிள்ளதானே சாரே, ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று அழுதார்.

அவனைத் தேடிப் போனேன். மரியாதையாகத்தான் பேசினான். "சாரே, ஒண்ணு வேதம், இல்லேன்னா இந்தப் பாடம், ரெண்டுல ஒண்ணுதான் உண்மைன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கல்லு பொய் சொல்லல. அப்ப மற்றதுதான் பொய்னு எடுத்துக்கிட்டேன். நீங்க வச்ச கணக்குதான் சாரே."

ரெண்டில் ஒன்று என்று நான் வாயால் சொன்னதே இல்லை. "நம்ப வேண்டாம்" என்றேன், அவ்வளவுதான். ஆனால் அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது, விழுந்ததில் தவறும் இல்லை. விசுவாசத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் சொன்ன வார்த்தை அந்தப் பிள்ளையின் விசுவாசத்தை எடுத்துப் போயிற்று. மூன்றாவது ஒரு வழி இருக்கிறது, அதில் நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டாணிச் செடியை வைத்து மரபியலைத் தொடங்கிய மெண்டல் துறவி. பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவரான லெமேத்ர் கத்தோலிக்கக் குருவானவர். மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையாகச் சாட்சி சொல்லும் விசுவாசி. அந்தப் பையனுக்குத் தெரிந்த விசுவாசிகளில் ஒருவர்கூட அறிவியல் வகுப்பில் தலைநிமிர்ந்து நின்றதில்லை. நான் உட்பட.

அவன் இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. வீட்டுக்கு வருகிறான். வரும்போதெல்லாம் ஒரு கல் கொண்டுவருகிறான்.

டிசம்பர் 3

மெண்டலைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இல்லை, டார்வின் மெண்டலின் கட்டுரையைப் படித்ததாகச் சான்றில்லை. டார்வினின் புத்தகம் 1859, மெண்டலின் கட்டுரை 1866. குணங்கள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகின்றன என்பது டார்வினுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி எண்ணிக்கொண்டிருந்தார். 19-ஆம் பாடத்துக்கு முந்தின 18-ஆம் பாடமே மெண்டல்தான். ஒரு துறவியின் பாடத்தைச் சந்தோஷமாக நடத்திவிட்டு, அதற்கு அடுத்ததை மட்டும் நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 10

ரப்பர் உதாரணத்தைச் சொல்கிறேன், ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம். இது என் வகுப்பில் மணலைவிட நன்றாக வேலை செய்தது. அந்தப் பால்வெட்டுக்காரர் முகம் எப்போதும் என் நினைவில் இருந்ததால்தான் எனக்கு இது தோன்றியது.

எங்கள் பக்கத் தோட்டங்களில் பெரும்பாலும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகம். எல்லோரும் "நூற்றஞ்சு" என்பார்கள். கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இரண்டு ரகங்களைக் கலந்து, வந்த நாற்றுகளில் அதிகப் பால் தரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் ஒட்டுக் கட்டி ஒட்டுக் கட்டிப் பெருக்கியது. தோட்டத்தில் ஆயிரம் மரம் நின்றாலும் அது ஒரே மரம்தான். அதனால் இலை உதிரும் நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே வருகிறது. விதை விழுந்து முளைத்த மரங்கள் அப்படியில்லை, ஒன்றுக்குப் பால் கூடுதல், ஒன்றுக்குக் குறைவு, ஒன்று நோயைத் தாங்கும், ஒன்று தாங்காது. "தாங்கினது மட்டும் காய்த்து விதை போட்டால் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது. வெட்டுக்காரர் பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தேர்வு செய்வது ஆராய்ச்சி நிலையமாக இல்லாமல் மழையும் நோயும் வெயிலுமாக இருந்தால் அதுதான் இயற்கைத் தேர்வு. அந்தப் பீரியடில் வகுப்பே எனக்குப் பாடம் நடத்தியது.

வாழையும் அப்படித்தான். காட்டுவாழைப் பழத்தில் கல் மாதிரி விதை நிறைய இருக்கும். நாம் தின்னும் ஏத்தனும் செவ்வாழையும் மட்டியும் மனிதன் தேர்ந்து தேர்ந்து வைத்துக்கொண்டவை.

இன்னொன்று, மாவேலித் தவளை. மண்ணுக்குள்ளேயே கிடந்து மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை. வருடத்துக்கு ஒருமுறை வருவதால், ஓணத்துக்கு வருவதாகச் சொல்லும் மாவேலி மன்னனின் பெயர். 2003-ல்தான் அறிவியலாளர்கள் அதற்குப் பெயரிட்டு விவரித்தார்கள், இடுக்கியில் கிடைத்தது. அதன் நெருங்கிய சொந்தம் கடலுக்கு அப்பால் செஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. தவளை கடல் நீந்தாது. நிலம் பிரிந்தபோது சொந்தமும் பிரிந்தது. 2017-ல் மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் சரிவில், இன்னொரு இனத்தை விவரித்தார்கள். எல்லைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மாநில எல்லை பிரித்த 1956 நவம்பர் 1-க்குப் பிறகு பாறசாலை அந்தப் பக்கம், களியக்காவிளை இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்கள்தானே எல்லாம்.

2024 ஜனவரி 7

"சரி சார், அப்படியென்றால் இரண்டையும் அறிவியல் வகுப்பிலேயே சமமாக வைத்துவிட்டுப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடலாமே, அதுதானே நியாயம்?" பாறசாலைச் சகோதரியே கேட்டிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் இதுதான் நியாயம் என்று நினைத்தேன்.

இதை அமெரிக்காவில் முழுசாக முயன்று பார்த்துவிட்டார்கள். 1925-ல் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு நூறு டாலர் அபராதம் போட்டார்கள். அந்த வழக்கில் படைப்புக்காக வாதாட வந்த பிரையன், சாட்சிக் கூண்டில் ஏறியபோது, ஆறு நாள் என்பது இருபத்துநாலு மணி நேர நாளாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். தடை செய்யும் சட்டங்களை 1968-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அப்புறம் படைப்பையும் சமமாக நடத்து என்று லூசியானா சட்டம் போட்டது, 1987-ல் அதையும் தள்ளியது. இதெல்லாம் அங்கே அரசுப் பள்ளிகளுக்கு. தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் அங்கே தங்கள் இஷ்டப்படி நடத்துகின்றன. அரசுச் சம்பளமும் சபை நிர்வாகமும் சேர்ந்த நம் உதவிபெறும் பள்ளி இரண்டிலும் சேராது, அதனால் அவர்கள் தீர்ப்பை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது.

எனக்கு இதில் சட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு. ஆதியாகமத்தைப் பரிணாமத்துக்குப் போட்டியாகக் கரும்பலகையில் எழுதினால், ஆதியாகமத்தை அறிவியல் புத்தகமாக இறக்கிவிடுகிறோம். முதல் அதிகாரத்தில் மிருகங்கள் முதலில், மனிதன் கடைசி. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், அப்புறம் மிருகங்கள். இரண்டையும் அருகருகே வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் வரிசை சொல்ல வரவில்லை. யார் உண்டாக்கினார், ஏன், மனிதனுக்கு மண்ணோடும் மற்ற உயிர்களோடும் என்ன உறவு என்று சொல்ல வந்தார்கள். "பூமியின் மண்ணினாலே உருவாக்கி" என்ற வரியை மணவாளக்குறிச்சி மணலைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். எனக்கு அந்த வரி முன்பைவிட இப்போதுதான் கனமாக இருக்கிறது.

ஜனவரி 8

பெந்தெகொஸ்தே சகோதரர் ஒருவர் நேற்றைய குறிப்புக்கு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்று நம்புகிறவர். அவர் பிள்ளைக்கு என் வகுப்பில் இடமுண்டா என்று கேட்கிறார்.

உண்டு. பிள்ளை என்ன நம்ப வேண்டும் என்று நான் கேட்பதே இல்லை. "டார்வின் சொன்னபடி இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது, அதற்கு என்ன சான்று" என்று கேட்பேன். அதை விளங்கி எழுதினால் முழு மதிப்பெண். விளங்கிக்கொள்வது வேறு, நம்புவது வேறு. இதைத்தான் நான் உங்கள் மகளுக்கும் சொல்வேன், பாறசாலைச் சகோதரி. "அறிவியலாளர்கள் இந்தச் சான்றுகளை வைத்து இப்படிக் கண்டிருக்கிறார்கள்" என்று எழுதுவதில் எந்தப் பொய்யும் இல்லை, அது நடந்த உண்மை. அப்புறம் அந்தச் சான்றுகளை அவள் ஆயுசு முழுக்க யோசித்துக்கொள்ளட்டும். முதல் நாளே இதை எழுதியிருக்கலாம். எனக்கு இந்தச் சகோதரர் கேட்ட பிறகுதான் வார்த்தை வந்தது.

பிப்ரவரி 3

பாறசாலைச் சகோதரி எழுதியிருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் அந்த டீச்சரிடம் சண்டை போடாமல் தனியாகப் பேசினாராம். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டதாம். அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். ரிவிஷனில் அந்தப் பாடத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கியிருக்கிறார். மணல் கிடைக்குமா என்று கேட்டனுப்பியிருக்கிறார்.

கிடைக்கும் டீச்சர், தங்கை வீட்டிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்புங்கள். ஒரு தீப்பெட்டி அளவு போதும், பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போக விட வேண்டாம், தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள். காந்தத்தை மணலில் நேராக வைத்துவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் காட்டுங்கள். அப்போது காந்தத்தை உருவியதும் கறுப்பு மணல் தானாக உதிர்ந்துவிடும், அடுத்த பிரிவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். தேன் நிற மணி சட்டென்று கண்ணில் படாது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள்.